கணினிச் சான்றிதழ்த் தேர்வும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

ஹிரா குகையில் மாநபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் கட்டளையே ஓதுதலைப் பற்றியது. எழுதுகோலின் சிறப்பும் அந்த முதல் வசனங்களிலேயே இடம்பெற்றுவிட்டது. கல்விக்கு இத்தனை உயர்வு தந்த மார்க்கத்தில் பிறந்திருக்கும் நாம், பிள்ளைகள் படிக்கும்போது மகிழ்கிறோம். தேர்வில் வென்றால் இனிப்பு வழங்குகிறோம். அதே பிள்ளை ஒரு தேர்வில் தவறிவிட்டால் வீட்டில் என்ன நடக்கிறது? சற்றே எண்ணிப் பாருங்கள்.

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலையின் அடிவாரத்தில் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. நாடார் மகாஜன சங்கத்தின் ச. வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி இங்குதான் இருக்கிறது. அதே சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் பல்கலை நகர். 1966ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைப் பல்கலைக்கழகம், 1978 முதல் காமராசர் பெயரைத் தாங்கி அங்கே நிற்கிறது. அருகிலுள்ள வடபழஞ்சியில் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. கல்லூரி, பல்கலைக்கழகம், கணினி நிறுவனங்களுக்கான பூங்கா ஆகிய மூன்றையும் ஒரே சாலையில் நாள்தோறும் பார்க்கும் இளைஞனின் மனத்தில் ஆசை எழுவது இயற்கையே. பட்டம் பெற்றால் மட்டும் போதாது, கையில் ஒரு கணினிச் சான்றிதழும் வேண்டும் என்ற எண்ணம் இவ்வட்டாரத்தில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் பரவியிருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், கல்லூரிப் படிப்போடு தொழில் திறனையும் சேர்த்துப் பெறவேண்டும் என்ற கருத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது.

நம் சமுதாயத்திற்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. வளைகுடா நாடுகளில் அலுவலக வேலை தேடும் பிள்ளைகளிடம், 'என்ன பட்டம்' என்ற கேள்வியை அடுத்து, 'என்ன சான்றிதழ்' என்ற கேள்வியும் வருகிறது. ஆகவே கடை வைத்திருக்கும் அத்தாவும், சவூதியில் உழைக்கும் அத்தாவும், தம் பிள்ளை அந்தச் சான்றிதழைப் பெற்றுவிட வேண்டும் என்று பணத்தைப் புரட்டுகிறார்கள். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு தேர்வின் விலை

கணினி வலையமைப்புத் துறையில் பெரும்பாலோர் எழுதும் தேர்வு சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. 1998இல் அறிமுகமான சான்றிதழ் இது. இதன் தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். வரியும் சேர்ந்தால் நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். தேர்வு நேரம் இரண்டு மணி. தவறிவிட்டால் கட்டணத்தில் ஒரு பைசாவும் திரும்ப வராது; மறுமுறை எழுத முழுக் கட்டணத்தையும் மறுபடி செலுத்த வேண்டும்.

ஒரு நடுத்தரக் குடும்பத்திற்கு இது சிறு தொகையா? அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போவதும், வட்டிக்குக் கடன் வாங்குவதும் சில வீடுகளில் நடந்துவிடுகின்றன. வட்டியின் தீமையை நாம் அறியாதவர்கள் அல்லர். ஹலாலான வேலை தேடப் புறப்படும் பிள்ளையின் முதல் அடியே வட்டியில் வைக்கப்படலாமா? தேர்வு ஓடிப்போய்விடாது. ஆறு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த ஆறு மாதமும் படித்து எழுதினால் பணமும் பழுதாகாது, படிப்பும் முதிரும்.

இவ்வளவு பணம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மத்திய அரசின் 'நீலிட்' நிறுவனம், முன்னாளில் 'டோயாக்' என்ற பெயரில் அறியப்பட்டது, 'ஓ' நிலை முதலான படிப்புகளையும், சி.சி.சி. என்னும் 80 மணி நேர அடிப்படைக் கணினிப் படிப்பையும் நடத்துகிறது. முதல் படியில் ஏறி நின்று பார்த்தால் அடுத்த படி தானாகவே தெரியும்.

எந்தப் புத்தகத்தை வாங்குவது?

தேர்வு எழுதத் தீர்மானித்ததும் பிள்ளைகள் செய்யும் முதற்காரியம், நண்பர்களிடம் 'என்ன புக் வாங்கலாம்' என்று கேட்பது. ஒருவர் ஒன்றைச் சொல்வார். மற்றவர் வேறொன்றைச் சொல்வார். மூன்றாமவர் கைப்பேசியில் முந்நூறு கோப்புகளை அனுப்பிவைப்பார். புத்தகம் குவிந்துவிடும், படிப்புத் தொடங்காது.

முதலில் வேண்டுவது புத்தகம் அன்று, பாடத்திட்டம். ஒவ்வொரு தேர்வு நிறுவனமும் எந்தெந்தப் பகுதியிலிருந்து கேள்விகள் வரும் என்பதைத் தன் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. சி.சி.என்.ஏ. தேர்வில் வலையமைப்பின் அடிப்படைக்கு நூற்றுக்கு 20, ஸ்விட்ச் முதலான இணைப்பு முறைக்கு 20, ரூட்டர் வழியாகத் தகவல் செல்லும் ஐ.பி. இணைப்புக்கு 25, ஐ.பி. சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியங்கி முறைகளுக்கு 10 என்று பங்கு பிரித்தே தந்திருக்கிறார்கள். அந்தத் தாளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். வாங்கப்போகும் நூல் எதுவாயினும் அதன் பொருளடக்கத்தை இந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் வாங்குங்கள், இல்லையேல் விலை மலிவானாலும் வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பதிப்பு. இலக்கண நூல் ஐம்பது ஆண்டுப் பழையதானாலும் பயன்படும். கணினித் தேர்வு நூல் அப்படியன்று. சி.சி.என்.ஏ. தேர்வு 2020 பிப்ரவரியில் முற்றிலும் மாற்றியமைக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவு முதலான புதிய செய்திகள் அதில் சேர்க்கப்பட்டன. கணினிப் பழுது நீக்கும் துறைக்கான காம்ப்டியா ஏ பிளஸ் தேர்வும் 2025 மார்ச்சில் புதிய வடிவம் பெற்றது. பழைய வடிவம் அதே ஆண்டு செப்டம்பரில் விடைபெற்றது. அண்ணன் படித்த நூலைத் தம்பிக்குக் கொடுப்பது நம் வீடுகளின் நல்ல வழக்கம்தான். ஆனால் இந்த நூல்களில் அட்டையில் உள்ள தேர்வு எண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பழைய புத்தகக் கடையில் எடைக்கு எடை மலிவாகக் கிடைக்கும் தடித்த நூல் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தேர்வுக்குரியதாக இருக்கும்.

மூன்றாவது, ஒரே ஒரு மூல நூலைத் தேர்ந்து அதை முடிப்பது. சி.சி.என்.ஏ.வுக்கு வெண்டல் ஓடம் எழுதி சிஸ்கோ பிரஸ் வெளியிட்டிருக்கும் இரு தொகுதிகள் பெயர்பெற்றவை. இரண்டும் சேர்ந்து ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் படித்தாலும் ஆயிரம் பக்கத்திற்கு நூறு நாள் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவரும் மூன்று நூல்களை ஒருசேர வாங்க மாட்டார். படித்தால் விளங்காத இடங்களுக்குப் பாடக் காணொளிகள் துணை செய்யும். 'ஜெரமிஸ் ஐ.டி. லேப்' என்ற பெயரில் சி.சி.என்.ஏ.வுக்கும், 'புரொஃபசர் மெஸ்ஸர்' என்ற பெயரில் ஏ பிளஸ்ஸுக்கும் முழுப் பாடங்களும் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. நூலுக்கு விளக்கம் தரும் ஆசிரியராக அவற்றைக் கொள்ளுங்கள். நூலை மூடிவிட்டுக் காணொளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விளங்கியது போன்ற தோற்றம் வரும், விளக்கம் வராது.

நூலை விலை கொடுத்து வாங்குமுன் புரட்டிப் பார்க்க விரும்புவோர், மதுரைப் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கணினி நூல்களின் பகுதிக்குச் சென்று பாருங்கள். எந்த ஆசிரியரின் நடை நமக்குப் புரிகிறது என்பதை அங்கே அமர்ந்து அரைமணி நேரம் படித்தாலே தெரிந்துகொள்ளலாம்.

கை படாத கல்வி

நீச்சலை ஏட்டில் படிக்க முடியாது. வலையமைப்பும் அத்தகையதே. ரூட்டரும் ஸ்விட்ச்சும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சிஸ்கோ நிறுவனமே 'பாக்கெட் டிரேசர்' என்னும் மென்பொருளைத் தன் கல்விக்கழகத்தில் பதிவு செய்வோருக்கு இலவசமாகத் தருகிறது. சாதாரணக் கணினியில் அதை நிறுவி, திரையிலேயே ரூட்டர்களை இணைத்து, கட்டளையிட்டு, பழுதாக்கி, பழுது நீக்கிப் பழகலாம். ஒரு மணி நேரம் படித்தால் ஒரு மணி நேரம் செய்து பார்ப்பது என்ற முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பகுதியும் அப்படியே. ஐ.பி. முகவரிகளைப் பிரிக்கும் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். முகவரியின் 32 பிட்டுகளில் 26 வலையமைப்புக்குப் போனால் மீதம் 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. அதில் முதலும் கடைசியும் கழிய, கருவிகளுக்குத் தரக்கூடியவை 62. விளக்கம் இவ்வளவுதான். ஆனால் தேர்வு அறையில் கடிகாரம் ஓடும்போது இது அரை நிமிடத்தில் வரவேண்டும். தினமும் பத்துக் கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்த்தவனுக்கு வரும். விளக்கத்தை மட்டும் படித்தவனுக்கு வராது.

படித்ததை நினைவில் நிறுத்தும் வழியை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. நம் ஹிப்ழு மதரஸாக்களைப் பாருங்கள். அங்கே மாணவன் அன்றைய புதுப் பாடத்தை உஸ்தாதிடம் ஒப்பிக்கிறான். முந்தைய நாட்களின் பாடத்தையும் ஒப்பிக்கிறான். மாதக்கணக்கில் முன்னே முடித்த ஜுஸுவையும் முறைவைத்துத் திரும்ப ஓதுகிறான். புதியது, அண்மையது, பழையது என்ற இந்த மூன்று வரிசையால்தான் முழுக் குர்ஆனும் ஒரு சிறுவனின் நெஞ்சில் தங்குகிறது. கணினிப் பாடத்தையும் இவ்வாறே படியுங்கள். சுப்ஹுக்குப் பின் புதுப் பாடம், மாலையில் செய்முறை, இஷாவுக்குப் பின் புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது, வாரத்தில் ஒரு நாள் பழைய பாடங்கள் மட்டும். வேலைக்குச் செல்லும் இளைஞரும், வீட்டு வேலைகளுக்கிடையே படிக்கும் சகோதரியும்கூட இந்த ஒழுங்கைக் கைக்கொள்ள முடியும்.

சகோதரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே படித்து எழுதத்தக்க இத்தேர்வுகள் நம் பெண்மக்களுக்குப் பெரிய வாய்ப்பு. பல்கலை நகர் 1971 முதலே அஞ்சல் வழிக் கல்வி தந்து, வீட்டிலிருந்து படித்தோர் பலரைப் பட்டதாரிகளாக்கிய இடம். அந்த மரபு நம் பெண்களுக்குப் புதிதன்று. மகனுக்கு ஒதுக்கும் அறையையும் அமைதியையும் மகளுக்கும் ஒதுக்குங்கள்.

'டம்ப்ஸ்' என்னும் மாயவலை

இங்கே ஒரு பெரிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். 'உண்மையான தேர்வுக் கேள்விகள்; நூறு சதம் தேர்ச்சி உறுதி' என்ற விளம்பரங்களைப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். இவற்றை 'டம்ப்ஸ்' என்கிறார்கள். தேர்வு எழுதியவர்கள் மனப்பாடமாகவோ களவாகவோ கொண்டுவந்த கேள்விகளை விடையோடு தொகுத்து விற்பதே இந்த வியாபாரம்.

மாதிரித் தேர்வு வேறு, இது வேறு. ஒரு நூலாசிரியர் தாமே கேள்விகளை உருவாக்கி, ஒவ்வொரு விடைக்கும் காரணம் கூறிப் பயிற்சி தருவது மாதிரித் தேர்வு. அது நல்லது, தேர்வுக்குமுன் கட்டாயம் வேண்டியது. 'இதே கேள்விதான் வரும்' என்று உறுதி சொல்லி விற்கப்படுவது களவுப்பொருள். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு அடையாளம் போதும்.

தொண்ணூறுகளின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எம்.சி.எஸ்.இ. சான்றிதழுக்கு உலகெங்கும் பெரும் மோகம் இருந்தது. கேள்வி விடைகளை மட்டும் உருப்போட்டுச் சான்றிதழ் பெற்றவர்கள் பெருகினார்கள். வேலையில் அமர்ந்ததும் ஒரு சர்வரைச் சீர்செய்யத் தெரியாமல் விழித்தார்கள். 'காகித எம்.சி.எஸ்.இ.' என்ற ஏளனப் பெயரே அத்துறையில் உண்டாயிற்று. உழைத்துப் படித்தவர்களின் சான்றிதழும் அதனால் மதிப்பிழந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அத்தேர்வுக் கேள்விகளை இணையத்தில் விற்றுப் பெரும் பணம் ஈட்டிய ஒருவர், வர்த்தக இரகசியத் திருட்டுக் குற்றத்தை 2002இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, சிறைத்தண்டனை பெற்றார். வாங்கிப் படிப்பவரும் தப்புவதில்லை. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும். மீண்டும் எழுதத் தடையும் வரும். தேர்வுக்குமுன் ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ளும் உறுதிமொழியிலேயே இது இருக்கிறது.

சட்டம் பிடிக்கிறதோ இல்லையோ, நமக்கு இன்னொரு கணக்கும் உண்டல்லவா? கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மறைத்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டதுதான். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம்! மேலே சான்றிதழ், உள்ளே அறியாமை என்பதும் அதே வியாபாரம்தானே? அந்தச் சான்றிதழைக் காட்டி வாங்கும் சம்பளம் நம் வீட்டு அடுப்பில் சோறாகிறது என்பதைப் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'எப்படியாவது பாஸ் பண்ணிவிடு' என்று சொல்லும் அத்தாமார்கள், அந்த 'எப்படியாவது' என்ற சொல் பிள்ளையை எங்கே தள்ளும் என்பதை அறிந்து சொல்லட்டும்.

தவறிவிட்டால்?

ஒழுங்காகப் படித்தும் தவறுவது உண்டு. தேர்வு அறையின் பழக்கமின்மை, ஆங்கிலக் கேள்வியின் நீளம், நேரம் போதாமை எனக் காரணங்கள் பல. சிஸ்கோ தேர்வில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிச் சென்று திருத்த முடியாது. கடினமானதைப் பிறகு பார்க்கலாம் என்று பள்ளித் தேர்வில் பழகிய பிள்ளைக்கு இதுவே பெரும் இடறல். மாதிரித் தேர்வுகளைத் திரும்பிப் பார்க்காமல் எழுதிப் பழகினால் இது சரியாகும்.

தவறிய அன்று பிள்ளையிடம் எதையும் ஆராயாதீர்கள். சாப்பிடச் சொல்லுங்கள், தொழச் சொல்லுங்கள், உறங்கவிடுங்கள். 'அலம் நஷ்ரஹ்' சூராவின் ஐந்தாம், ஆறாம் வசனங்களைப் பொருளுணர்ந்து ஓதச் சொல்லுங்கள். துன்புற்ற நெஞ்சுக்கு அதைவிட மருந்து ஏது? மறுநாள் மதிப்பெண் அறிக்கையை எடுத்து வைத்து உட்காருங்கள்.

அந்த அறிக்கைதான் செலுத்திய கட்டணத்திற்குக் கிடைத்த பயன். பலர் அதைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். தவறியவன் எல்லாவற்றிலும் தவறவில்லை. பகுதி வாரியாக எவ்வளவு பெற்றான் என்பதை அறிக்கை காட்டும். ஓர் எடுத்துக்காட்டாக, அடிப்படையில் 80 விழுக்காடு, பாதுகாப்பில் 70, ஐ.பி. இணைப்பில் 40 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரில் ஒட்டிய பாடத்திட்டத்தைப் பாருங்கள்: ஐ.பி. இணைப்புக்குத்தான் 25 பங்கு, மிகப் பெரிய பங்கு. ஆக, ஆயிரம் பக்கத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பகுதியை மூன்று நான்கு வாரம் நூலோடும் செய்முறையோடும் துருவிப் படித்து, மற்றவற்றை மறக்காமல் ஓதிவந்தால் போதும். புதுப் புத்தகம் வாங்கவும் வேண்டாம். தோற்றதும் வேறு நூலுக்கு ஓடுவது, நோய் எதுவென்று பாராமல் வைத்தியரை மாற்றுவது போன்றது.

தோல்வியை இவ்வாறு பகுத்துப் பார்ப்பது நம் வரலாற்றுக்குப் புதிதா? ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டில் உஹத் களத்தில் முஸ்லிம்கள் பேரிழப்பைச் சந்தித்தார்கள். குன்றின்மேல் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளிகளில் பெரும்பாலோர், கட்டளைக்கு முன்பே இடத்தைவிட்டு இறங்கியதே அதற்குக் காரணமாயிற்று. ஆலு இம்ரான் சூரா அந்தத் தவற்றை மூடி மறைக்கவில்லை, எடுத்துரைக்கிறது, அவர்களுக்கு மன்னிப்பையும் அறிவிக்கிறது. தவறு எந்த இடத்தில் என்று சுட்டுவதும், தவறியவரை அரவணைப்பதும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன.

நம் காலத்திலும், நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. இராமேஸ்வரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், 1958ஆம் ஆண்டு விமானப்படை அதிகாரி பணிக்கான தேர்வுக்காக டேராடூன் சென்றார். இருந்த இடங்கள் எட்டு. அவர் பெற்ற இடம் ஒன்பதாவது. விமானி ஆகவேண்டும் என்ற சிறுவயதுக் கனவு அன்று உடைந்தது. மனம் நொந்து ரிஷிகேஷ் வரை சென்றார் என்பதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே பதிந்திருக்கிறார். பிறகு தில்லி சென்று, பாதுகாப்பு அமைச்சகத்தில் கிடைத்த முதுநிலை அறிவியல் உதவியாளர் வேலையை ஏற்றுக்கொண்டார்.

தோல்வி அத்தோடு முடியவில்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று, அவர் இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி. 3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட் கடலில் விழுந்தது. ஏழாண்டுக்கால உழைப்பு சில நிமிடங்களில் நீரில் மூழ்கியது. அவர்கள் என்ன செய்தார்கள்? 'ராக்கெட் தோற்றது' என்று சொல்லி நிறுத்தவில்லை. முதல் கட்டம் சரியாக இயங்கியது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில்தான் பழுது. அங்கே நைட்ரிக் அமிலம் கசிந்ததே காரணம் என்பதுவரை சென்று கண்டார்கள். அந்த இடத்தைச் சீர்செய்தார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1980 ஜூலை 18 அன்று, அடுத்த எஸ்.எல்.வி. 3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. மதிப்பெண் அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

பெற்றோருக்கும் இதில் பாடம் இருக்கிறது. ராக்கெட் விழுந்த அன்று செய்தியாளர்களின் முன் வந்து பொறுப்பை ஏற்றவர், இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான். மறு ஆண்டு வெற்றி கிட்டியபோது, செய்தியாளரிடம் பேசக் கலாமை அனுப்பிவைத்தவரும் அவரே. கலாம் இதைப் பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிற்கு மாமியும் மச்சானும் வந்து, 'பிள்ளை பாஸாகிவிட்டானா?' என்று கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 'இம்முறை வரவில்லை, அடுத்த முறை எழுதுவான், இன்ஷா அல்லாஹ்' என்று அத்தா சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்திப் பதில் சொல்ல வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள். 'உன்னால் இத்தனை பணம் போயிற்று' என்ற சொல் வாயிலிருந்து வந்தால் திரும்பாது.

தவறிய பின் பிள்ளை பல நாள் உண்ணாமலும் உறங்காமலும் பேசாமலும் ஒதுங்கியிருந்தால் அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். அருகிருந்து பேசுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

மீண்டும் எழுதுமுன்

மறுதேர்வுக்கு ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரு விதி இருக்கிறது. சிஸ்கோ தேர்வில் தவறியவர் ஐந்து நாள் கழித்து எழுதலாம். மைக்ரோசாஃப்ட் தேர்வில் முதல்முறை தவறினால் 24 மணி நேரம், அதன்பின் ஒவ்வொரு முறையும் 14 நாள் பொறுக்க வேண்டும். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். தேர்வுகளுக்கு 14 நாள். காம்ப்டியாவில் இரண்டாம் முறைக்குக் காத்திருப்பு இல்லை. மூன்றாம் முறைக்கு 14 நாள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் பதிவு செய்யும்போது மறுமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இவை குறைந்த அளவு நாட்கள் என்பதையும் மறவாதீர்கள். ஐந்து நாள் கழிந்ததும் எழுதலாம் என்பதற்காக உடனே எழுதுவது ரோஷம், படிப்பன்று. குறையைத் தீர்த்து, இரண்டு மூன்று மாதிரித் தேர்வுகளில் நன்கு தேறியபின் பணத்தைக் கட்டுங்கள்.

சிறிய செய்தியாயினும் இன்னொன்றையும் கவனியுங்கள். தேர்வுப் பதிவில் தரும் பெயரும், தேர்வு மையத்தில் காட்டும் பாஸ்போர்ட் முதலான அடையாள ஆவணத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் முகம்மது என்பது ஓர் ஆவணத்தில் முழுதாகவும், மற்றொன்றில் ஒற்றை எழுத்தாகவும் இருக்கும். அத்தா பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். பெயர் ஒத்துவராமல் மையத்தின் வாசலிலேயே திரும்பினால், எழுதாமலேயே கட்டணம் போய்விடும்.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலையொட்டிய ஓர் அறையில் இரண்டு கணினிகளும், தேர்ந்தெடுத்த நடப்புப் பதிப்பு நூல்கள் சிலவும் வைத்தால், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே பல பிள்ளைகள் படிப்பார்கள். ஏற்கெனவே தேறியவர் வாரம் ஒருநாள் வந்து ஐயம் தீர்க்கலாம். வட்டியில்லாக் கடன் தரும் நிதி இருக்கும் ஊர்களில், தேர்வுக் கட்டணத்திற்கும் அதில் இடம் கொடுக்கலாம்.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டிவைத்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவைக்கும்படியே நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். பாடத்திட்டத்தைப் பார்ப்பதும், சரியான ஒரு நூலைத் தேர்வதும், கை வலிக்கச் செய்து பழகுவதும், தவறினால் தவறிய இடத்தைத் தேடுவதும் ஒட்டகத்தைக் கட்டுகின்ற வேலைகள். அதற்குப் பின் வருவது அவன் நாட்டம். அதை ஏற்பதில் இழிவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைத் தேடும் பொறுமையையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.